ஒரு வரி தள்ளி வந்த பதில்

புதிதாக சிஸ்டம் ரூமில் உட்காரப் போகிறவர்களே, முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாந்துவிட்டேன் என்று வரக் கூடாது. புளியந்தோப்புப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருடமும் உட்காரத் தயாராகத்தான் இருந்தேன், அவர்கள்தான் பெஞ்சு தரவில்லை. அதன்பின் மாடி மாடியாக ஏறி கேபிள் டிவி ஒயர் இழுத்தேன். எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேமராவுக்கு ஒயர் இழுக்கக் கூப்பிட்டார்கள். ஒயரின் ஒரு முனை வெயிலில் இருந்தது. மறுமுனை கம்ப்யூட்டர் அறையில், ஏ.சி.க்கு அடியில் இருந்தது. நான் அந்த முனையிலேயே தங்கிவிட்டேன். ஓய்வு பெறும்போது கழுத்தில் 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்று அட்டை தொங்கியது. அதில் இருக்கும் எழுத்தைப் படிக்க எனக்கு இன்றும் கொஞ்ச நேரம் ஆகும்.

அதனால் நுட்பம் எதுவும் என்னிடம் கிடைக்காது. நான் ஒரே ஒரு எண்ணை மாற்றி, தப்பே செய்யாத ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கதைதான் இது. அந்த மூன்று நாளும் நான் தலைகீழாகத்தான் நின்றேன். இப்போதும் முழுசாக நேராகிவிட்டேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

எங்கள் யார்டில் ஏழு வரிசை ரீஃபர் பெட்டிகள், அதாவது குளிரூட்டும் கன்டெய்னர்கள், நிற்கும். உள்ளே உறைய வைத்த இறால், மீன், சில நேரம் ஐஸ்கிரீம். ஒவ்வொரு பெட்டிக்கும் தடித்த ஒயரில் கரண்ட் போகும். டிரெய்லர் வந்து பெட்டியைத் தூக்கும்போதுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதற்கு முன்னால் பிடுங்கினால் உள்ளே இருப்பது வெந்நீர்க் குளியல் போட்டுவிடும். பிடுங்கலாமா கூடாதா என்று சொல்ல ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆளுக்குத்தான் உரிமை. பகல் ஷிஃப்டில் அது எஸ்தர்.

காலடிப்பேட்டையில் வீடு. யார்டு கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தவள், பெட்டிகளின் வெப்பநிலை அட்டையைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அது போனால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த யார்டிலும் அவளுக்கு ரீஃபர் வேலை கிடைக்காது. எங்கள் பக்கம் செய்தி டிரெய்லரை விட வேகமாகப் போகும்.

பிளக் விஷயம் எல்லாம் சாட்டில்தான் நடக்கும். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் வாக்கியம் எழுத மாட்டார்கள். கையில் கிரீஸ், தலையில் வெயில், எவன் எழுதுவான்? கேட் கேபினில் இருக்கும் ஆள், டிரெய்லர் வந்ததும் பெட்டி நம்பரை மட்டும் போடுவான். '7-3'. அப்படியென்றால் ஏழாம் வரிசை மூன்றாவது பெட்டிக்கு வண்டி வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறான். எஸ்தர் பேப்பரும் அட்டையும் பார்த்துவிட்டு, சரி என்றால் அதே '7-3' போடுவாள். அப்படியென்றால் பிடுங்கு. அவள் போடவில்லை என்றால் பிடுங்கக் கூடாது. நம்பர் ஒன்றேதான். யார் பெயரில் வருகிறது என்பதில்தான் கேள்வியா உத்தரவா என்பது இருக்கிறது.

இப்போது அந்தப் பெயரை யார் சரிபார்ப்பது? சாட் சர்வரே தன்னிடம் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் யார்டில் வாராவாரம் ஆள் சேருவார்கள், ஆள் நிற்பார்கள். யார் எங்கள் ஆள் என்பது, ஆளுக்கொரு நம்பரும் பாஸ்வேர்டுமாகக் கேட்டில் இருக்கும் டோக்கன் பதிவில்தான் சரியாக இருக்கும். அதனால் சர்வரை அமைத்துக் கொடுக்க வந்த பெண், ஆள் பார்க்கும் வேலையை சர்வரிடமிருந்து எடுத்து, வெளியே ஒரு ஸ்கிரிப்டிடம், ஒரு சின்ன புரோகிராமிடம், கொடுத்தாள். முப்பது வரிதான். என் மகள் வயது அவளுக்கு. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பெயர் சொல்ல மாட்டேன். இவனுக்கா சொல்லிக்கொடுத்தாய் என்று நாளைக்கு யாரும் அவளைக் கேட்டுவிடக் கூடாது.

அவள் எனக்கு விளக்கியது இப்படி. ஒரு சுவர். இந்தப் பக்கம் சர்வர், அந்தப் பக்கம் ஸ்கிரிப்ட். சுவரில் ஒரு ஓட்டை. யாராவது உள்ளே வரக் கேட்டால், சர்வர் அவர் பெயரையும் பாஸ்வேர்டையும் சீட்டில் எழுதி ஓட்டை வழியாகத் தள்ளும். ஸ்கிரிப்ட் கேட் வரைக்கும் ஓடி, டோக்கன் பதிவைப் பார்த்துவிட்டு வந்து, 1 அல்லது 0 என்று கத்தும். 1 என்றால் விடு. 0 என்றால் விடாதே. யாருக்கு 1, யாருக்கு 0 என்று சொல்லாது. கேட்ட வரிசையிலேயே பதிலும் வரும் என்று ஒரு நம்பிக்கை.

"அண்ணா, கேட்டுல இருந்து பதில் வர லேட் ஆச்சுன்னா ஸ்கிரிப்ட் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. அஞ்சு செகண்ட் பார்க்கும். வரலன்னா 0 சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். அந்த அஞ்சை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"சர்வர் பத்து செகண்டுக்கு மேல பொறுக்காது. அதுக்கப்புறம் வர்ற பதில் இருக்கே..."

அந்த நேரம் பார்த்து கேன்டீனில் இருந்து வடை வந்தது. நான் எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் எனக்கு முதல் மார்க். மீதி வாக்கியம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தேவைப்பட்டது.

ஒரு வாரம், காலிப் பெட்டிகள் நிறைய வந்து சேர்ந்தன. அவற்றை சிஸ்டம் ரூமுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஐந்து அடுக்காக ஏற்றிவிட்டார்கள். கேட்டுக்கும் எனக்கும் ஒயர் கிடையாது, மொட்டை மாடியில் இருக்கும் சின்ன டிஷ் வழியாகத்தான் பேச்சு. நடுவில் இரும்புச் சுவர் எழும்பியதும் பதில் நத்தை மாதிரி வந்தது. ஐந்து விநாடி தாண்டியதும் ஸ்கிரிப்ட் 0 என்றது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாதிப் பேர் சாட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒவ்வொருவராக என் ரூமுக்கு வந்து என் பரம்பரையை விசாரித்தார்கள்.

"இன்னா பாபு மாமு, வேலைக்கு வந்தவன வாசல்ல நிக்க வெச்சுகினு நீ ஏ.சி.ல குந்திகினு கீற?"

"சிக்னல் இல்ல நைனா. கொஞ்சம் பொறு."

"அத்த உன் டப்பாகிட்ட சொல்லு. அதான் பொறுக்க மாட்டுது."

அதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகள் எல்லாம் இரக்கத்தில் செய்தவைதான். கோபத்தில் செய்ததை எல்லாம் யாராவது நடுவில் வந்து தடுத்துவிடுவார்கள். அந்த ஐந்தை முப்பதாக்கினேன். பாவம், ஸ்கிரிப்ட் நிதானமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று.

பெரும்பாலும் ஏழெட்டு விநாடியில் பதில் வந்துவிட்டது. புகார் நின்றது. திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு அதிசயம் வேறு நடந்தது. பெயரும் பாஸ்வேர்டும் அடித்த உடனே, கண் சிமிட்டுவதற்குள் சாட் திறந்தது. அவ்வளவு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. யார்டு முழுக்க நான் செய்த வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம் கேட்டவர்களுக்கு "அதெல்லாம் உள் விஷயம்" என்றேன். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது.

அதே திங்கள் மதியம் எஸ்தர் போன் செய்தாள்.

"அண்ணா, சாட் உள்ள வுட மாட்டுது. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது."

"கை ஈரமா கீதா? தொடச்சிகினு இன்னொரு தபா அடி."

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரெக்டாத்தான் அடிச்சேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றீங்க. இன்னொரு தபா அடி, ஏறும்."

இரண்டாம் தடவை ஏறியது. எப்போதுமே ஏறியது. அந்த மூன்று நாளும் இப்படி நாலைந்து பேர் போன் செய்தார்கள். எல்லோருக்கும் இதே மருந்துதான் கொடுத்தேன், எல்லோருக்கும் குணமானது. மருந்து வேலை செய்கிறது என்றால் நோய் என்ன என்று எவன் பார்ப்பான்? நீங்கள் பாருங்கள். என்னை மாதிரி இருக்காதீர்கள்.

புதன்கிழமை காலை ஏழாம் வரிசைப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மூன்றாவது பெட்டியின் கதவுக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திங்கள் மதியமே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். பெட்டியை எடுக்க வந்த டிரெய்லர், பேப்பர் முழுசாக இல்லை என்று கேட்டிலிருந்தே திரும்பிப் போயிருக்கிறது. பெட்டி மட்டும் கரண்ட் இல்லாமல் வெயிலில் நின்றிருக்கிறது. எஸ்தர் '7-3' போட்டால் அந்தப் பெட்டி கண்காணிப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். அதனால் அடுத்த ஷிஃப்டுக்காரர்களும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிய எலக்ட்ரீஷியன் தன் செல்லைக் காட்டினான். திங்கள் மதியம் ஒன்று ஏழுக்கு, எஸ்தர் பெயரில், '7-3'.

முதலாளி என்னையும் எஸ்தரையும் கூப்பிட்டனுப்பினார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், மொத்த வியாபாரக் கடையில் தொடங்கி யார்டு வரைக்கும் வந்தவர். கத்த மாட்டார். அவர் கத்தினால் நமக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

"பாபு, ஒத்த வார்த்தையில சொல்லும்வே. அந்த நேரத்துல இந்தப் புள்ள உள்ள வந்துச்சா, இல்லியா?"

நான் சர்வர் லாக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். லாக் என்றால் யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவு. ஒன்று ஆறு, எஸ்தர், அனுமதி. ஒன்று ஏழு, எஸ்தர், மறுப்பு. ஒன்று ஒன்பது, எஸ்தர், அனுமதி.

"ஒண்ணு ஆறுக்கு வந்துகீறாங்க சார்."

"அவ பாஸ்வேர்டு இல்லாம அவ பேருல வேற எவனும் வர முடியுமா?"

"முடியாது சார். ஸ்கிரிப்ட் பாத்துட்டுத்தான் வுடும்."

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

எஸ்தர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அண்ணா, ஒண்ணு ஏழுக்கு நான் உனக்கு போன் பண்ணிகினு இருந்தேன். உள்ள வுட மாட்டுதுன்னு. ஞாபகம் கீதா?" செல்லைத் திருப்பிக் காட்டினாள். என் பெயர், ஒன்று ஏழு. "உள்ள இருந்து நம்பர் போட்டவ, உள்ள வுடலன்னு உனக்கு எதுக்குண்ணா போன் பண்றா?"

அவள் சொல்வது உண்மை, அந்த போனை எடுத்தவனே நான். லாக் சொல்வதும் உண்மை, அதை அச்சடித்தவனும் நான். நான் போட்ட கணக்கு, ஒருவேளை ஒன்று ஆறுக்கு உள்ளே வந்து, நம்பரைப் போட்டு, வெளியே போய், மறந்து போய்... எஸ்தர் எதையும் மறக்கிறவள் இல்லை. மூன்று வருடம் முன்னால் நான் கடன் வாங்கிய குடையை இன்னும் கேட்கிறவள்.

"உள்ள ஏறுன பொறவு உன் நம்பர நீயே பாக்கலியா?" என்று முதலாளி கேட்டார்.

அதற்கும் குற்றவாளி நான்தான். சர்வருக்குச் சுமை என்று, உள்ளே வந்த பிறகு வரும் செய்தி மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். அவள் ஒன்று ஒன்பதுக்குத்தான் ஏறினாள். அதற்கு முன்னால் போனது அவளுக்குத் தெரிய வழியில்லை.

"நாலு மணிக்கு இறால்காரங்க வாராங்க. அவங்களுக்கு ஒரு பேரு சொல்லணும். அதுக்குள்ள வேற பேரு இருந்தா கொண்டு வாரும். இல்லன்னா இந்தப் புள்ளயத்தான் நிறுத்தணும்" என்றார்.

ரூமுக்கு வந்தேன். எஸ்தரும் பின்னாலேயே வந்தாள். நான் சோதித்துப் பார்த்தேன். என் பெயர், என் பாஸ்வேர்டு, ஏறியது. மறுபடியும் ஏறியது. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருப்பதை விடப் பெரிய பேஜாரு உலகத்தில் இல்லை.

என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கை வேலை உண்டு. புரியவில்லை என்றால் அணைத்துப் போடுவது. சுவிட்சைத் தட்டி, எல்லாம் புதிதாக எழுந்திருக்கட்டும் என்று. என் கை தானாகவே போய்விட்டது. சர்வரையும் ஸ்கிரிப்டையும் நிறுத்தும் கட்டளையை அடித்தும் விட்டேன், எண்டர் மட்டும்தான் பாக்கி.

"இன்னா பண்ற?" என்றாள் எஸ்தர்.

"அணைச்சுப் போட்றேன். எதுனா மாட்டிகினு இருந்தா சரியாயிடும்."

"சரியாயிட்டா அப்பால நான் எங்க போயி சொல்றது? தப்பா இருந்தாத்தானே நான் சொல்றது நெசம்? நான் வூட்டுக்குப் போற வரைக்கும் அதுல கை வெக்காதண்ணா."

விரலை எடுத்துவிட்டேன். உங்களிடம் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த எண்டரை நான் அடித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எஸ்தர் மட்டும் காலத்துக்கும் பொய்க்காரியாக நின்றிருப்பாள். கெட்டுப்போன இயந்திரம் கெட்டுப்போனபடியே இருப்பதும் ஒரு சாட்சிதான் என்பது, கேன்டீனிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரிந்தது. கழுத்தில் அட்டை போட்டவனுக்குத் தெரியவில்லை.

சும்மா உட்கார முடியாமல் இன்னொரு காகிதம் அச்சடித்தேன். ஸ்கிரிப்டும் தனக்கென்று ஒரு பதிவு எழுதிவைக்கும். சர்வரை அமைத்த பெண் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். நேரம், பெயர், தான் சொன்ன பதில். பாஸ்வேர்டு மட்டும் எழுதாது. அதை நான் அதுவரை திறந்தே பார்த்ததில்லை. சர்வர் லாக்கைத் தரையில் இடது பக்கமும், இதை வலது பக்கமும் விரித்து, காற்றில் பறக்காமல் டீ கிளாஸ்களை வைத்தேன். இருவரும் மண்டியிட்டோம்.

திங்கள் மதியம். முதலில் ஒரு டிரைவர், பிறகு எஸ்தர், எஸ்தர், எஸ்தர். சர்வர் பக்கம் 1, 1, 0, 1. ஸ்கிரிப்ட் பக்கம் 1, 0, 1, 1.

"ரெண்டும் வேற வேற சொல்லுது" என்றாள்.

"கடிகாரம் முன்ன பின்ன ஓடுதுபோல."

"நேரம் ஒண்ணாத்தானே கீது. பதில்தான் வேற."

உண்மைதான். ஒன்று ஆறுக்கு எஸ்தர் பெயரில் வந்த சீட்டுக்கு ஸ்கிரிப்ட் 0 என்று சொல்லியிருக்கிறது. சர்வர் அதை 1 என்று எழுதியிருக்கிறது. ஒன்று ஏழுக்கு ஸ்கிரிப்ட் 1 என்கிறது, சர்வர் 0 என்கிறது. ஏதாவது ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே பொய் சொல்லாது. கண்ணைக் கசக்கினேன். மேலே போய் காலையிலிருந்து படித்தேன். எல்லா இடத்திலும் 1, 1, 1, ஒன்றாகத்தான் இருந்தன. எங்கெல்லாம் 0 வருகிறதோ அங்கே மட்டும் இரண்டும் சண்டை போட்டன.

டீ எடுக்கக் கை நீட்டினேன். கிளாஸ் இடறி, வலது பக்கக் காகிதம் கொஞ்சம் கீழே நகர்ந்தது. சரியாக ஒரு வரி. எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நகத்தாத. அப்டியே வை."

ஒரு வரி கீழே தள்ளி வைத்தால் எல்லாம் பொருந்தியது. 0-வுக்கு எதிரே 0. 1-க்கு எதிரே 1. பக்கம் முழுக்க. டிரைவருக்குச் சொன்ன 1, ஒன்று ஆறுக்கு எஸ்தர் பெயரில் வந்தவனுக்குப் போயிருக்கிறது. அவனுக்குச் சொன்ன 0, நிஜ எஸ்தருக்குப் போயிருக்கிறது. அவளுக்குச் சொன்ன 1, அவளே இரண்டாம் தடவை அடித்தபோது போயிருக்கிறது. என் மருந்து ஏன் எப்போதும் வேலை செய்தது என்று அப்போது தெரிந்தது. மூன்று நாளாக எங்கள் யார்டில் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவனுடைய பதிலில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருமே சரியாக அடிக்கிறவரை யாருக்கும் எதுவும் தெரியாது. எவனாவது தப்பாக அடித்தால், அவன் உள்ளே, அவனுக்கு அடுத்து வருகிறவர் வெளியே.

எங்கிருந்து தள்ளிப்போனது என்ற இடமும் மேலே, திங்கள் காலையில், கிடைத்தது. ஒரே ஒரு முறை கேட்டிலிருந்து பதில் வரப் பத்து விநாடிக்கு மேல் ஆகியிருக்கிறது. சர்வர் அலுத்துப்போய், பதில் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளின் சீட்டைத் தள்ளிவிட்டது. நான் கொடுத்த முப்பது விநாடிப் பெருந்தன்மையில் ஸ்கிரிப்ட் ஆற அமர வந்து பழைய ஆளுக்கான 1-ஐச் சொல்லியிருக்கிறது. பதிலில் பெயர் கிடையாது. சர்வர் அதைப் புது ஆளுக்கு என்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு பதிலும் ஒரு ஆள் தள்ளி. நான் பெருமையடித்த வேகமும் இதுதான். முந்தின ஆளின் பதில் ஓட்டையில் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தது, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க.

மணி மூன்று. முதலாளிக்குக் காகிதத்தைக் காட்டினால் நம்புவாரா? ஒரு வரி நகர்த்தினால் சரியாகிவிடும் என்று சொன்னால், நான் என்னைக் காப்பாற்ற எதையாவது நகர்த்துகிறேன் என்பார். அவரை ரூமுக்கே அழைத்து வந்தேன். ஐந்து நிமிடம் யாரும் சாட்டில் ஏறக் கூடாது என்று வாக்கி-டாக்கியில் சொல்லச் சொன்னேன்.

"எஸ்தர், உன் பாஸ்வேர்டு அடி." அடித்தாள். ஏறியது.

"சார், இப்ப நான் என் பேருல பாஸ்வேர்டுன்னு 'பிரியாணி' அடிக்கிறேன். அது என் பாஸ்வேர்டு இல்ல." அடித்தேன். ஏறியது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப நீங்க உங்களோடதச் சரியா அடிங்க சார்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சரியாக அடித்தார். 'பாஸ்வேர்டு தவறு' என்று வந்தது.

"என்னவே இது? பிரியாணிய உள்ள விடுது, என் யார்டுல என்னைய வெளிய நிக்கச் சொல்லுது?"

"உங்களுக்கு வந்தது என் பதில் சார். எனக்கு வந்தது எஸ்தரோடது."

பிறகு அவர் எஸ்தரிடம், "நீ போயி வேலையப் பாரும்மா" என்றார். அந்த நாலு சொல்லைக் கேட்டபோதுதான் அவள் சுவரில் சாய்ந்தாள். காலையிலிருந்து அவள் சாயவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவள் போனபின் என்னிடம் கேட்டார். "அப்ப அவ பேருல வந்தது எவன்?"

"லாக்ல இல்ல சார். எல்லாரும் ஒரே வைஃபை டப்பா வழியாத்தான் வராங்கோ. எந்த செல்லுன்னு அதுக்குத் தெரியாது."

"தப்பு யாருது?"

"என்னுது சார். அஞ்ச முப்பதாக்குனது நான்."

"எழுதிக் குடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டை நிறுத்தினேன். முப்பதை ஐந்தாக்கி மறுபடி ஓட விட்டேன். சர்வரை அமைத்த பெண்ணுக்கு போன் செய்தேன். "வணக்கம்மா" என்றதுமே, "அண்ணா, அந்த அஞ்சை மாத்துனீங்களா?" என்று கேட்டாள். வேறு எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெரியவில்லை என்றால் சீக்கிரம் 'இல்லை' என்று சொல்லிவிடு, தாமதமாக வரும் 'ஆமாம்' வேறு எவனோ ஒருவனுக்குப் போய்ச் சேரும். வடை வந்ததால் நான் கேட்காமல் விட்ட மீதி வாக்கியம் இதுதான். ஒரு பதில் நேரம் தவறினால் சர்வரே அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புகிற மாதிரியும் செய்து கொடுத்தாள்.

அடுத்த நாள் ஒருவன் என் ரூம் வாசலில் வந்து நின்றான். பத்லி. நிரந்தர ஆள் வராத நாளில் அவன் டோக்கனில் வந்து வேலை செய்கிறவனை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். எழுத்தில் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். திங்களன்று கேட் கேபினில் இருந்தவன் இவன்.

"அண்ணா, அது நான்தான்போல. கேபின் டேப்லட்ல காலைல எஸ்தர் அக்கா ஏறிகீறாங்க, அவங்க செல்லு சார்ஜ்ல இருந்துச்சாம். அவங்க பேரே கட்டத்துல நின்னுகினு இருந்துச்சு. நான் பாக்கல. எனக்குக் குடுத்த பாஸ்வேர்ட அடிச்சேன், ஏறிச்சு. வண்டி வந்துச்சு, நம்பர் போட்டேன். வேற ஒண்ணுமே பண்ணலண்ணா."

மற்ற எந்த நாளாக இருந்தாலும் பாஸ்வேர்டு தவறு என்று வந்திருக்கும். அவன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பெயரை மாற்றியிருப்பான். அவன் கேள்வியாகப் போட்ட நம்பர், அவள் பெயரில் உத்தரவாகப் போய்விட்டது. இப்போது இவன் பெயரைச் சொன்னால் இவனும் போவான், இவனை அனுப்பிய நிரந்தர ஆளும் போவான். சொல்லாவிட்டால் நான் முதலாளியிடம் பாதி உண்மையோடு நிற்கிறேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. கஷ்டப்பட்டவள் அவள், அவளே சொல்லட்டும் என்று எஸ்தரிடம் போனேன்.

அவள் அட்டையில் வெப்பநிலை எழுதிக்கொண்டே கேட்டாள். பிறகு, "வண்டி வந்தா நம்பர் போடறது அவன் வேலை. போட்டான். அவன உள்ள வுட்டது யாரு?" என்றாள்.

"நான்."

"அப்பால எதுக்கு என்கிட்ட வந்து கேட்டுகினு கீற?"

அப்படித்தான் கடிதத்தில் ஒரே பெயர் வந்தது. கடிதத்தை எழுதியதும் அவள்தான். நான் எழுதினால் முதலாளி அதற்கு வேறு ஒருவரை வைத்துப் படிக்க வேண்டியிருக்கும். கேபினில் யாரோ பெயரை மாற்றாமல் அடித்தார்கள், உள்ளே விட்டது என் தவறு என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டேன். பத்லியின் பெயரைச் சொல்லாதது சரிதானா என்று கேட்டால், இன்றும் எனக்கு ஒரு நாள் 1, ஒரு நாள் 0.

ஓய்வு வயதைத் தொட்டவர்களுக்கு வழக்கமாக வேலையை இரண்டு வருடம் நீட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. முதலாளி காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை சாயங்காலம், அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். டோக்கன் பதிவில் என் நம்பரை எடுத்ததும் ஸ்கிரிப்ட் என்னை உள்ளே விடாது. அதற்குக் கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது. சாட்டைத் திறந்து, எங்கள் பழக்கப்படி, வாக்கியம் எதுவும் இல்லாமல் என் டோக்கன் நம்பரை மட்டும் போட்டேன். 64.

போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து விநாடி. எட்டு. பத்து. விதிப்படி இதற்கு மேல் வருவதை நான் 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதினான்காவது விநாடியில் எஸ்தர் பெயரில் வந்தது. 64.

நான் என் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.